சீனியர் சாமி அருள்வாக்கு

ஃபைனல் இயர் அண்ணாச்சி நம்ம பேராண்டிக்கு பிளேஸ்மென்ட் உபதேசம் பண்ணுதாராம்லா. நடக்கட்டும், நடக்கட்டும். திண்ணையில கெழவன் ஒருத்தன் சும்மா படுத்துக் கெடக்கான்னு நெனைக்காதிய.

ஏல பேராண்டி, அந்த ரெஸ்யூமைக் கொண்டா பாப்போம். அண்ணாச்சி குடுத்த ஃபைல்ல பேரையும் போட்டோவையும் மாத்தியிருக்க, சரி. தகப்பனார் பேருன்னு போட்ட எடத்துல இவுக அப்பா பேரு அப்படியே இருக்கே? எனக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், ஆனா ஊர்க்காரன் பேரு தெரியாமப் போயிருமா? உங்கப்பன் தோட்டத்துல இருந்து வாரதுக்குள்ள மாத்திப்புடு. ப்ராஜெக்டு என்ன, மூஞ்சியைப் பாத்து அட்டென்டென்ஸ் போடுத மிசினா? இதைத்தானே இவுக சீனியரும் செஞ்சாரு? நாலு கை மாறியும் பட்டா மாறலை போல. "இதுல நீ என்னப்பா செஞ்சே"ன்னு இன்டர்வியூல கேப்பான். அங்க அண்ணாச்சி வந்து எடுத்துக்குடுக்க மாட்டாரு.

அப்புறம் என்னமோ சொன்னாரே, குரூப் டிஸ்கஷன்ல மொத ஆளா வாயைத் தொறந்துரணும்னு. பத்துப் பேருக்கும் பத்து அண்ணாச்சிமாரு இதையேதான் சொல்லி அனுப்பியிருப்பாவ. பக்கத்துல இருக்கவன் சொன்னதைக் காதுல வாங்கி, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுதவனைத்தான் நிமிந்து பாப்போம்னு மெட்ராசுல எச்.ஆரா இருக்க நம்ம மருமகன் சொல்லுதாரு.

மொத கம்பெனியிலயே வேலை வாங்குனவன் பின்னாடி சுத்தாதல. தண்ணி கண்ட கிணத்துக்காரன்ட்ட கேட்டா எல்லாம் சாமி குடுத்ததும்பான்; பாறையில முட்டுனவன்தான் எத்தனாவது அடியில முட்டுச்சுன்னு சரியாச் சொல்லுவான். மூணு கம்பெனியில வெளிய அனுப்புன சீனியர் ஒருத்தன் ஹாஸ்டல்ல மூலையில இருப்பான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. ஆப்டிட்யூட்ல எந்தக் கணக்குல நேரம் போச்சு, டெக்னிக்கல்ல எந்தக் கேள்விக்கு முழிச்சான்னு ஒண்ணுவிடாமக் கேளு. பத்தாவது, பன்னெண்டாவது, காலேஜு எல்லாத்துலயும் 60 பெர்சென்ட் கேக்குத கம்பெனி இருக்கு. அரியர் ஒண்ணு நின்னாலும் வாசப்படி மிதிக்க விடாதவனும் இருக்கான். இதெல்லாம் இப்பவே தெரிஞ்சாத்தான் அரியரைக் கிளியர் பண்ண உனக்கு நாளு கெடைக்கும்.

அண்ணாச்சி ஆஃபர் லெட்டரையும் கொஞ்சம் காட்டும்யா. சி.டி.சி வருசத்துக்கு 3.6 லட்சமா? அப்ப மாசம் 30,000 கையில வரும்னு உங்கம்மா தெரு பூராச் சொல்லியாச்சு. கம்பெனி போடுத பி.எஃப் பங்கு, கிராஜுவிட்டி எல்லாத்தையும் கூட்டித்தான் அந்த சி.டி.சி கணக்குய்யா. கிராஜுவிட்டிக்கு 1972-லயே சட்டம் வந்தாச்சு. பெர்மனென்ட் வேலைன்னா பொதுவா அஞ்சு வருசம் ஒரே எடத்துல இருந்தாத்தான் கைக்கு வரும். நீரு என்னடான்னா, ரெண்டு வருசத்துல கம்பெனி மாறிரணும்னு தம்பிக்கு இப்பவே பாடம் எடுக்கீரு. வராத ரூவாயையும் சேத்துச் சொல்லித்தான் பொண்ணு கேக்கப் போவீரோ?

சரி, வேலைக்குப் போனதும் தம்பிக்கு ரெஃபரல் போடுதேன்னு சொன்னீரே, அது நல்ல காரியம். ரெஃபரல்ல வந்தவன் வேலைக்குச் சேந்தா, போட்டவனுக்கு போனஸ் குடுக்குத கம்பெனியும் உண்டாம், மருமகன் சொன்னாரு. அப்படி வந்தா பேராண்டிக்கு அதுல எவ்வளவுன்னு இப்பவே பேசி முடிங்க. சாட்சிக்கு நான் இருக்கேன். எனக்கு ரெண்டு வடை போதும்.