தேசிக்காய் பெறும் புள்ளி: பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியில் நடுவர் பணி பற்றிய ஓர் ஆய்வு

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி என்பது, மாணவர் தாமே செய்ததாகக் கூறும் பொருள்களை மேசைமீது பரப்பி, அவற்றைத் தாம் விளங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளும் பெரியோரிடம் புள்ளி பெறும் கல்விசார் நிகழ்வாகும். மேசைமீது இருப்பது செயற்திட்டம் எனவும், புள்ளித்தாளுடன் வருபவர் நடுவர் எனவும் வழங்கப்படுவர். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று வியர்ப்பவர் மாணவர் ஆவார். முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரிவிலுள்ள முள்ளியவளை போன்ற ஊர்களில், பாடசாலை மட்டத்தில் தேறிய ஆக்கம் கோட்டம், வலயம், மாகாணம் எனப் படியேறித் தேசிய மட்டத்தை எட்டக்கூடும் என்பதால், முதற்படியில் நிற்கும் நடுவரின் பேனையில் ஒரு பிள்ளையின் கொழும்புப் பயணமே தங்கியுள்ளது என்பது பெற்றோரின் அசையாத நம்பிக்கை. இத்துணை அதிகாரம் படைத்த பேனை உண்மையில் எதனை அளக்கின்றது என்பதே இவ்வாய்வு எழுப்பும் வினா.

ஆய்வுக்குரிய மாதிரியாகத் தேசிக்காய் மின்கலம் கொள்ளப்பட்டது. அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து பொங்கும் எரிமலையையோ, சிறிஞ்சும் சேலைன் குழாயும் கொண்டு உயரும் நீரியல் பாரந்தூக்கியையோ எடுத்திருக்கலாம். ஆயின் முன்னது அயல் மேசையின் பிறிஸ்ரல் போட்டை நனைத்துப் பகை விளைவிப்பது, பின்னது குழாய் கழன்று நடுவரையே நனைப்பது. பழைய ரோச் பற்றரியின் உறையைக் கிழித்து எடுத்த நாகத்தகட்டுத் துண்டொன்றும், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய கம்பியைச் சுரண்டி எடுத்த செப்புத் துண்டொன்றும் ஒன்றையொன்று தொடாதவாறு ஒரு தேசிக்காயில் செருகப்படின், ஏறத்தாழ 0.9 வோல்ற்று கிடைக்கும். ஒளிகாலும் இருவாயி எனப் பாடநூல் அழைப்பதும், கடைக்காரர் எல்.ஈ.டி. என்றால் மட்டுமே எடுத்துத் தருவதுமாகிய சிறு சிவப்புக் குமிழ் ஒளிர ஏறத்தாழ 1.8 வோல்ற்று வேண்டியிருப்பதால், மூன்று நான்கு காய்களைத் தொடராக இணைப்பது வழக்கம். அவ்வாறு இணைத்தும், பாயும் மின்னோட்டம் ஒரு மில்லியம்பியரை எட்டாமையால், நடுவர் குனிந்து, இரு கைகளையும் குமிழின்மேல் கூரையாகக் குவித்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் நோக்க வேண்டியுள்ளது. ஒன்றும் தென்படாவிடினும் "ஓமோம், எரியுது" எனக் கூறி நிமிர்வது நடுவர் மரபு. இம்மரபை மீறியோர் மிகச் சிலர், அவர்கள் மறுமுறை அழைக்கப்படுவதில்லை.

மேசைக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் "தேசிக்காயிலிருந்து மின்சாரம்" எனப் பெரிய எழுத்தில் இருக்கும். உண்மையில் தேசிக்காய்ச் சாறு மின்பகுபொருள், அதாவது அயன்கள் நகர வழிவிடும் திரவம் மட்டுமே. தன்னை இழந்து சக்தியைத் தருவது நாகம். இரண்டாம் நாள் மாலையில் தகட்டை உருவிப் பார்ப்பவர், அது கறுத்து ஓரங்களில் அரிபட்டிருப்பதைக் காணலாம். காயைப் புகழ்ந்து உலோகத்தை மறக்கும் பிழைக்குப் பிள்ளைகளை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. 1800 ஆம் ஆண்டில் வெள்ளித் தட்டையும் நாகத் தட்டையும் உப்புநீரில் தோய்த்த அட்டையையும் மாறி மாறி அடுக்கி மின்னடுக்கை உலகுக்கு அறிவித்த அலெஸ்ஸாந்திரோ வோல்ற்றாவே, இரு உலோகங்கள் தொட்டுக்கொள்வதால்தான் மின்சாரம் பிறக்கிறது எனக் கருதினார். நாகம் அரிபடுவது அவருக்கு ஒரு பக்க விளைவாகவே பட்டது. முள்ளியவளையில் அவர் மேசை போட்டிருப்பின், 'விஞ்ஞான அடிப்படை' என்னும் நிரலில் புள்ளி இழந்து கோட்ட மட்டத்துடன் வீடு திரும்பியிருப்பார்.

மேற்கண்ட இரசாயனம் செயற்திட்டங்கள் அனைத்துக்கும் பொருந்தும் என்பதே இவ்வாய்வின் துணிபு. பெயரட்டையில் இடம்பெறாமல், ஆக்கம் இயங்கும்பொருட்டுத் தன் நேரத்தையும் நித்திரையையும் கரைப்பவர் இங்கு 'செயற்திட்டத்தின் நாகம்' என வரையறுக்கப்படுகிறார். பெரும்பாலும் விஞ்ஞான ஆசிரியையும், சிலபோது மின்வேலை தெரிந்த மாமாவும், அரிதாக உயர்தரம் படிக்கும் அண்ணனும் இவ்விடத்தை நிரப்புவர். நாகத்தைக் கண்டறிவதே நடுவரின் முதற்கடமையாயினும், அதற்கு அவர்கள் கையாளும் "இதை ஆர் செய்து தந்தது?" என்ற வினா பயனற்றது, "நான்தான் சேர்" என்ற விடை முதல் நாளே மனப்பாடமாகியிருக்கும். மாறாக, "பிள்ளை, இந்தத் தகட்டை எதாலை வெட்டினனீங்கள்?" என்று கேட்கப்படின், தானே வெட்டிய பிள்ளை அம்மாவின் தையல் கத்தரிக்கோல் மழுங்கிய வரலாற்றையும் அதற்கு வாங்கிய ஏச்சையும் விரிவாகச் சொல்லும்; வெட்டாத பிள்ளை வாசலில் நிற்கும் ஆசிரியையைப் பார்க்கும். எனினும் இத்தகைய குறுக்குக் கேள்வியில் ஓர் இடரும் உண்டு. விளக்கவுரை ஒரே மூச்சில் ஒப்புவிக்கப்படுவதாகையால், இடையில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடங்காது. "அனைவருக்கும் வணக்கம்" என்ற முதல் அடிக்கே திரும்பிச் செல்லும். ஒரே மேசையில் மூன்று வணக்கம் பெற்ற நடுவர் பின்னர் வாய் திறவாமல் 'முன்வைப்பு' நிரலில் முழுப்புள்ளி இட்டு நகர்வது இயல்பே.

அமெரிக்க உளவியலாளர் எட்வேட் தோண்டைக் 1920 இல், படை அதிகாரிகள் தம் கீழுள்ளோருக்கு இட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்து, ஒரு குணத்தில் உயர்வாக மதிக்கப்பட்டவர் தொடர்பற்ற பிற குணங்களிலும் உயர்வாகவே மதிக்கப்படுவதைச் சுட்டினார். முத்தான கையெழுத்தும் பிசிறின்றி வெட்டிய றெஜிபோமும் 'புத்தாக்கம்' என்ற நிரலிலும் புள்ளி ஈட்டுவதற்கு இதனினும் சிறந்த விளக்கம் தேவையில்லை. பல நடுவர்களின் சராசரி இக்குறையைத் தீர்க்கும் என்பாரும் உளர். பிரான்சிஸ் கால்ற்றன் 1907 இல் எழுதிய குறிப்பின்படி, பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி எடையை ஊகித்த 787 சீட்டுகளின் இடையம் 1,207 இறாத்தலாகவும், உண்மை எடை 1,198 இறாத்தலாகவும் இருந்தன. ஆனால் அங்கே ஊகித்தவர்கள் பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்க்கவில்லை. இங்கேயோ, "நீங்கள் எவ்வளவு போட்டியள்?" என்ற மெல்லிய வினாவுக்குப் பின்னரே இரண்டாம் நடுவரின் பேனை இறங்குவதால், மூவரின் சராசரி என்பது முதல்வரின் எண்ணேயாகும்.

உப்புநீர் விளக்கு என்னும் செயற்திட்டம் தனி ஆய்வுக்குரியது. வெளிமாவட்ட நடுவர் "கடல் தண்ணியிலை லைற்றா!" என வியந்து உயர்புள்ளி இடும் அதே மேசையில், உள்ளூர் நடுவரின் முகம் சலனமற்று இருக்கும்; ஏனெனில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவதைச் சிறுவயது முதல் வைகாசிதோறும் கண்டவர் அவர். கோயில் விளக்கு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்குப் புள்ளியிடும் துணிவு எந்த நடுவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. மேசை விளக்கிலோ மக்னீசியத் தகடு கரைந்துகொண்டிருக்கும்.

யானை வருவதை உணர்த்தும் ஒலிப்பொறி மட்டும் இவ்விதிகள் அனைத்துக்கும் விலக்கு. ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் நடுவர் அம்மேசைக்கு வந்ததும் புள்ளித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கம்பி எவ்வளவு தூரம் ஓடும், மழையில் தாங்குமா, ஒன்று செய்து தர எவ்வளவு முடியும் என அடுக்கடுக்காகக் கேட்பார். பிள்ளையும் வணக்கத்தை மறந்து பதில் சொல்லும். அவ்வுரையாடலுக்குரிய நிரல் புள்ளித்தாளில் இல்லாமையால் அது பதிவாவதில்லை.

ஏற்பாட்டாளர் கவனத்துக்கு ஒன்று: கண்காட்சி முடிந்த பின் மிஞ்சும் தேசிக்காய்களில் நாகமும் செப்பும் கரைந்திருக்குமாகையால், அவற்றை நடுவர்களுக்கான குளிர்பானத்தில் பிழிதல் ஆகாது, முடிவு அறிவிக்கப்பட்ட பின்னரும் ஆகாது.