சுருதியும் துருவும்

மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீட்டு மாடியறைக்குள் முதன்முறையாக நுழைகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் ஏதோ பெரிய சங்கீத வித்துவான் என்ற பாவனையில் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பது வழக்கம். அவர்கள்மீது பிழையில்லை. கிழக்குச் சுவரோரம் உறையிட்ட தஞ்சாவூர் வீணை. அதற்கு வலப்புறம் மிருதங்கம். ஜன்னல் மேடையில் ஆர்மோனியம். ஆணியில் தொங்கும் துணிப்பைக்குள் மூன்று புல்லாங்குழல்கள். இவ்வளவையும் ஒருங்கே காண்கிறவர், இவற்றின் நடுவே வீற்றிருக்கும் ஆசாமிக்கு மாயாமாளவகௌளையில் சரளி வரிசைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்று எங்ஙனம் ஊகிப்பார்? அந்த உண்மையை அறிந்தவர்கள் மூவரே: நான், என் மனைவி, அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இம்மூவரில் நான் ஒருவன்தான் அதை வெளியில் சொல்வதில்லை.

சங்கீதத்தில் ஆசை என்பது வேறு. வாத்தியத்தில் ஆசை என்பது வேறு. முன்னதற்குச் சாதகம் வேண்டும், விடியற்காலையில் எழவேண்டும், குருவின் முகச்சுளிப்பைப் பொறுக்கவேண்டும். பின்னதற்கோ கொஞ்சம் பணமும், அதைச் செலவழித்த பின்னர் வீட்டில் உண்டாகும் மௌனத்தைச் சகித்துக்கொள்ளும் தேகபலமும் போதும். வீணை வாசிக்கிறவனுக்கு ஒரு தந்தி அறுந்தால் வருத்தம் உண்டாகிறது. எனக்கு உள்ளூர ஆனந்தமே உண்டாகிறது, ஏனெனில் புதுத் தந்தி வாங்க வெளியூர் போகலாம். போன இடத்தில் எண்ணெய்க் கிண்ணி, உறை, விரிப்பு என்று நாலு சாமான்களையும் சேர்த்து வாங்கிவரலாம்.

நான் பிறந்த ஊர் இராமநாதபுரம் என்பதை இந்த இடத்தில் சற்று வெட்கத்தோடு பிரஸ்தாபிக்கவேண்டியிருக்கிறது. பூச்சி சீனிவாச ஐயங்கார் 1860இல் அவதரித்த ஊர் அது. சேதுபதிகளின் ஆதரவில் தழைத்த அவருடைய வித்தை, அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் என்ற சீடர் மூலம் நாடு முழுதும் பரவியது. மிருதங்கத்தில் முருகபூபதி, வாய்ப்பாட்டில் கிருஷ்ணன் என்று எத்தனையோ மேதைகள் அவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்டு ஊருக்குக் கீர்த்தி தேடித் தந்தனர். நானும் ஒரு காலத்தில் ஒரு காகிதத்தில் 'இராமநாதபுரம்' என்று எழுதி அதன் பக்கத்தில் என் பெயரையும் எழுதிப் பார்த்தேன். தபால் விலாசம் போல இருந்ததே தவிர வித்துவான் பெயர் போல இல்லை.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், கடற்காற்று தேகத்துக்கு நல்லது என்று எவரோ சொன்னதை நம்பி, மண்டபத்தில் வீடு கட்டிக் குடியேறினேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே நாக்கைப் போல் நீண்ட நிலத்துண்டு. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் கொண்டல் அடித்தாலும், எந்தத் திசைக் காற்றும் உப்பைச் சுமந்துகொண்டே எங்கள் ஜன்னலில் நுழையும். மனித தேகத்துக்கு அது நல்லதோ என்னவோ, வாத்தியத்தின் தேகத்துக்கு அதைவிடப் பெரிய சத்துரு கிடையாது. அதோ, கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள்: 1914இல் திறந்த நாள் முதலாகச் சுரண்டுவதும் வர்ணம் பூசுவதுமாகப் பரிபாலித்தும், அந்த இரும்பை உப்புக்காற்று தின்றுகொண்டேதான் இருந்தது. அதற்குப் பதிலாக எழுப்பி 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் விசேஷமான பூச்சையும் தேடவேண்டியதாயிற்று. இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலத்துக்கே இந்தக் கதி என்றால், மயிரிழை போன்ற என் வீணையின் சாரணித் தந்தி எம்மாத்திரம்? புதிதாகக் கட்டிய தந்தி மூன்றாம் வாரத்தில் பழுப்பேறும். ஐந்தாம் வாரத்தில் விரலை வைத்தால் அரம் போல் அறுக்கும். ஆறாம் வாரத்தில், நடுநிசியில், ஒருவரும் தொடாமலே 'டங்' என்று அறுந்து, கள்ளன் வந்துவிட்டான் என்று வீட்டாரைத் திடுக்கிட்டெழச் செய்யும்.

முதலில் வாங்கியது ஆர்மோனியம். 1940 மார்ச் முதல் தேதியன்று அகில இந்திய வானொலி, கமகத்துக்கு இடம் கொடாத வாத்தியம் என்ற குற்றத்துக்காக அதைத் தன் வாசற்படிக்கு வெளியே நிறுத்தி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உள்ளே விடவில்லை என்பது சரித்திரம். வானொலி செய்ததைப் பின்னர் எங்கள் கடற்காற்றும் செய்தது. உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் பச்சை பூத்து, ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு ஸ்வரம் கேட்கலாயிற்று. சில கட்டைகளை அழுத்தினால் ஒன்றும் கேட்காமல், கையை எடுத்த பிற்பாடு ஏதோ ஞாபகம் வந்தாற்போல் ஒலிக்கும். மிருதங்கம் அதற்கு அடுத்தது. மழைக்காலத்து ஈரக்காற்றில் அதன் தோல் தளர்ந்து, வலந்தலை தலையணையைத் தட்டினாற்போல் பேசும். வாரை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்ப்பதற்குள் எனக்குத் தோள் இறங்கிப்போகும். இடப்புறத்துத் தொப்பியில் பூசுவதற்கு ரவையைப் பிசைந்து வைக்கவேண்டும் என்பது சம்பிரதாயம். அதன் பொருட்டு நான் சமையலறைக்குள் போய்வரத் தொடங்கியதிலிருந்து ரவை டப்பா இடம் மாறிக்கொண்டேயிருக்கிறது. "வாசிக்கிறதுக்கு ஒரு படி, உப்புமாவுக்கு ஒரு ஆழாக்கு. என்ன நியாயங்க இது?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். நியாயம் அவள் பக்கம் இருந்தபடியால் நான் வீணைக்கு மாறினேன்.

வீணையைத் தஞ்சாவூரில் வாங்கி, பஸ்ஸில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்த்தது என் வாழ்க்கையில் ஒரு சாகசம். பலாமரத்துக் குடம், நான்கடி நீளம், ஒரு முனையில் வாயைப் பிளந்த யாளிமுகம், அதன் கீழே சுரைக்குடுக்கை. போர்வையால் சுற்றி என் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்தேன். கண்டக்டர் வந்தார். போர்வைக்கு வெளியே தலைநீட்டிய யாளியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு சார்?"

"வீணை."

"சீட்டுல உக்காந்திருக்கே. முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். பிராயம் ஐந்துக்குள் என்றால் டிக்கெட்டே வேண்டாம் என்றார் ஒருவர். உயரத்தைப் பார்த்தால் முழு டிக்கெட்தான் என்றார் மற்றொருவர். சரஸ்வதியின் கையில் இருப்பதற்கு டிக்கெட் கேட்பது பாபம் என்று பின்னாலிருந்து ஒரு மூதாட்டி தீர்ப்புச் சொல்ல, கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, லக்கேஜ் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அகன்றார்.

அன்று முதல் அந்த வீணைக்கு நான் செய்துவந்த உபசாரத்தைச் சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்திருந்தால் அவர்கள் என்னை இன்னும் அடிக்கடி வந்து பார்த்துப் போவார்கள். ஏழு தந்திகளையும் நாள்தோறும் எண்ணெய்ப் பஞ்சால் துடைப்பேன். இருபத்துநான்கு மெட்டுக்களும் மெழுகின்மேல் நிற்கின்றன. சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டு சற்றே அமிழ்ந்தாலும் ஸ்வரம் சாய்ந்துவிடும் என்று கேள்விப்பட்டதால், மின்விசிறியை என் பக்கமிருந்து வீணையின் பக்கம் திருப்பி வைத்தேன். சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் என்று தனித்தனிக் கவரில் மாற்றுத் தந்திகள், மீட்டுவதற்குக் கம்பி நெளிகள், விரிப்புகள் என்று பரிவாரம் பெருகியது. வாசிக்கத்தான் பொழுது இல்லை. கேட்பவர்களுக்கு என்னிடம் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது: "என்ன செய்வது? இந்த உப்புக்காற்றில் சுருதி நிற்பதில்லை."

இந்த விடையைப் பல்லாண்டுகள் சௌக்கியமாக உபயோகித்துவந்தேன். முத்துசாமி தீட்சிதருக்குக் காசியில் கங்கைநீருக்குள்ளிருந்தே வீணை கிடைத்ததாக ஐதிகம், அவர் இராமேசுவரத்துக்கும் வந்து இராமநாதர்மீது காசிராமக்ரியாவில் கிருதி செய்தார் என்று எவரேனும் சொன்னால், "கங்கை நன்னீர், இது உவர்நீர்" என்பேன். எதிர்க்கரையை ஆண்ட இராவணன் கொடியிலேயே வீணையை எழுதிவைத்தவன், கயிலைமலைக்கு அடியில் அகப்பட்டபோது தன் நரம்பையே தந்தியாக்கிச் சாமகானம் இசைத்தவன் என்று தலைமையாசிரியர் புராணம் எடுத்தால், "நரம்புக்குத் துருப் பிடிக்காது, ஐயா" என்று வாயை அடைப்பேன். அவரோ விடுகிறவர் அல்லர். அகத்தியர் இசையால் இராவணனைப் பிணித்து அவன் தமிழ்நாட்டுப் பக்கமே வராதபடி செய்தார் என்று நச்சினார்க்கினியர் எழுதியிருப்பதை எடுத்துக்காட்டி, "நீங்கள் வாசித்தால் பிணிக்கவேண்டிய அவசியம்கூட இராது, அவனே போய்விடுவான்" என்றார்.

என் விடை தூள்தூளானது பேய்க்கரும்பில். 2017இல் திறந்த அப்துல் கலாம் நினைவகத்துக்கு, வெளியூரிலிருந்து வந்த பேரனை அழைத்துப்போயிருந்தேன். அங்கே அவர் வீணை மீட்டும் கோலத்தில் சிலையாக வீற்றிருக்கிறார். பேரன் சிலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தாத்தா, இவரும் இந்த ஊர்தானே?"

"ஆமாம், இராமேசுவரம், மசூதித் தெரு. 1931இல் பிறந்தார்."

"அங்கேயும் இதே காத்துதானே அடிக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. ராக்கெட்டும் ஏவுகணையும் விட்டு, ஐந்தாண்டு ராஷ்டிரபதியாகவும் இருந்த ஒரு மனிதருக்கு வீணைக்குப் பொழுது கிடைத்திருக்கிறது. பென்ஷன் வாங்குவதைத் தவிர வேறு காரியமற்ற எனக்குக் கிடைக்கவில்லை. வானத்தைப் பிளக்கும் ஓசையோடு ஜீவித்தவர், தம் ஓய்வுக்கென்று தேர்ந்ததோ அடுத்த அறைக்குக்கூட எட்டாத நாதம் என்பதும் அப்போது என் மனத்தில் தைத்தது. ஆனால் மனத்தில் தைப்பதெல்லாம் உடனே பலன் தருவதில்லை. வீடு திரும்பியதும் நான் தீர்மானித்தது, சாதகம் செய்வதென்று அன்று. துருப்பிடிக்காத வாத்தியம் ஒன்றைத் தேடுவதென்று.

அப்படித்தான் கீழக்கரைக்குப் போனேன். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பது இக்கரையின் பழந்தொழில். இங்கே மூழ்கி எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போய் அந்நாட்டுச் சுமங்கலிகளின் கையில் வளையாக ஏறுகின்றன. இளம்பிராயத்தில் மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர், உச்சியை அறுத்து ஊதுவதற்குத் தக்கதாகச் செய்த இடம்புரிச் சங்கு ஒன்றை எடுத்து வைத்தார். வலம்புரியின் விலையைக் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. சொல்ல அவருக்கும் மனம் இல்லை.

"பாய், இதுக்குத் துருப் பிடிக்குமா?"

"கடலுக்குள்ளேயே பொறந்து கெடந்தது, சார். இதுக்கு எங்கேயிருந்து துரு வரும்?"

தந்தி இல்லை, மெழுகு இல்லை, ரவை இல்லை; ஒரே ஸ்வரம், அதுவும் படைத்தவனே சேர்த்து வைத்த சுருதி. என் சங்கீத ஞானத்துக்கு இதைவிட ஏற்ற வாத்தியம் உண்டா? வீடு வந்ததும் மாடியில் நின்று ஊதினேன். முதல் நாள் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் நாள் எருமை கனைப்பது போன்ற ஒரு சப்தம். ஏழாம் நாள் அந்தி மங்கும் நேரத்தில், உதடும் மூச்சும் எப்படியோ ஒன்றுகூடி, கடலில் போகிற வள்ளத்துக்கும் கேட்கும்படியாக 'பூம்ம்' என்று ஒரு மகாநாதம் எழுந்தது. என் ஆயுளில் நான் எழுப்பிய முதல் பிழையற்ற ஸ்வரம் அதுவே. பரவசத்தில் மும்முறை ஊதினேன்.

கீழே இறங்கி வந்து பார்த்தால், வாசலில் ஒரு கூட்டம். தலைமையாசிரியர் தோளில் துண்டுடன் முன்னால் நின்றார். பூக்காரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடிப் பெட்டிக்கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் மனைவியிடம் தணிந்த குரலில், "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்று விசாரித்தார். நம் நாட்டில் அந்தி வேளையில் ஒரு வீட்டிலிருந்து சங்கு முழங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது, சங்கீத மயக்கத்தில் என் புத்திக்கு எட்டாமல் போயிற்று.

"இன்னும் மூச்சு இருக்கு, அதுதான் சங்கடமே," என்றாள் என் மனைவி. வந்த பதினொரு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். துக்கம் கேட்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் நன்றாயிராது அல்லவா?

மறுநாள் மாலை மாடியறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சங்கைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, வீணையின் உறையை நீக்கினேன். பழுத்துப்போன சாரணியைக் கழற்றிப் புதியது கட்டி, பஞ்சின் எண்ணெயை விரலில் தொட்டுக்கொண்டு, சரளி வரிசையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்கு இடத்தில் தவறியது. ஐந்தாம் இடத்தில் தவறவில்லை. ஜன்னல் வழியே கச்சான் உப்போடு வந்து தந்திகளைத் தடவிப் போயிற்று; மூன்று வாரம் இருக்கிறதே என்று நான் தொடர்ந்து வாசித்தேன். இருட்டி வெகுநேரம் ஆயிற்று. வாசலில் ஒருவரும் வரவில்லை.

காலையில் தலைமையாசிரியர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டில் ஒரு சப்தமும் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று, மிகுந்த அக்கறையோடு கேட்டார்.