டீ குடிக்கிற மட்டும்

லீட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன வாரம் போனில், “ஏட்டி, நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் அங்க செல்லுதா?” என்று கேட்டீர்கள். செல்லுகிறது பெரியப்பா. சில நோட்டுகளை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

வேலைக்கான இன்டர்வியூவிலேயே ஆரம்பித்துவிட்டது. “2016-இல் பாஸ் அவுட் ஆனேன்” என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். கேள்வி கேட்ட அம்மாள் முகம் வாடி, அதற்குப் பிறகும் அப்படி ஆனதுண்டா என்று விசாரித்தார். இங்கே பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது.

வார்டில் நர்ஸாகச் சேர்ந்த அன்று ஒரு பாட்டியிடம், “நான்தான் உங்கள் சிஸ்டர்” என்றேன். நம்மூரில் ஊசி பிடித்த கையெல்லாம் சிஸ்டர்தானே! பின்னால் கருநீலச் சீருடையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவர்தான் சிஸ்டர். இங்கே அது பதவி. சம்பளப் படியில் நான் ஐந்து, அவர் ஏழு. அதே வேலையில் ஆண் இருந்தால் சார்ஜ் நர்ஸ், பிரதர் கிடையாது. ஒரே வாக்கியத்தில் எனக்கு நானே இரண்டு படி பதவி உயர்வு கொடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ‘எக்ஸ்பையர்ட்’. நம்மூர் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் மரியாதையாக எழுதுகிற சொல். இங்கே எக்ஸ்பையர் ஆவது பாலும் பாஸ்போர்ட்டும். மனிதர் இறந்தால், குடும்பத்தாரிடம் சுற்றி வளைக்காமல் ‘டைட்’ என்றே சொல்லப் பழக்குகிறார்கள். பூசி மெழுகினால் பதற்றத்தில் இருப்பவர்களுக்குப் புரியாமல் போகுமாம். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. தாத்தா போனபோது ‘தவறிட்டாங்க’ என்றுதானே ஊருக்குச் சொன்னோம்? அதை அப்படியே மொழிபெயர்த்தால், தாத்தா ஏதோ தப்புத்தண்டா செய்துவிட்டார் என்றல்லவா ஆகும்!

இதெல்லாம் சில்லறை. என்னை முழுசாகக் கவிழ்த்தது யார்க்‌ஷர் தாத்தா ஒருவர். சாயங்காலம் நாலரை மணிக்கு மாத்திரையோடு போனேன். “ஐல் நாட் டேக் தெம் வைல் ஐவ் ஹேட் மை டீ” என்றார். ‘வைல்’ என்றால் ‘போது’ என்று நீங்கள் பிரம்போடு சொல்லிக்கொடுத்தது மறக்குமா? டீ குடிக்கும்போது மாத்திரை வேண்டாம் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். நல்ல டீயாகப் போட்டுக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்து, மாத்திரையை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. இன்னொரு கப் கொடுத்தேன். அதையும் நன்றியோடு குடித்தார். மாத்திரை மட்டும் உள்ளே போகவில்லை.

மூன்றாவது கப்போடு போனபோது பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வட இங்கிலாந்தில் பலருக்கு டீ என்றால் மாலைச் சாப்பாடு. தட்டில் இறைச்சி, உருளைக்கிழங்கோடு வருவது. மத்தியானச் சாப்பாடுதான் டின்னர். பள்ளிக்கூடத்தில் மதியம் பரிமாறுகிற பெண்களுக்குப் பெயரே டின்னர் லேடி. யார்க்‌ஷர் வாயில் ‘வைல்’ என்றாலோ, ‘அதுவரை’. ஒன்பதிலிருந்து ஐந்துவரை வேலை என்பதை ‘நைன் வைல் ஃபைவ்’ என்பார்கள். பாவம், சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிறேன் என்று சொன்ன மனிதரை நான் டீயிலேயே குளிப்பாட்டியிருக்கிறேன்.

ரயில்வே கேட்டில் ‘விளக்கு மின்னும்போது நில்’ என்று ‘வைல்’ போட்டுப் பலகை வைத்தார்களாம். இந்த ஊர்க்காரர்கள் விளக்கு மின்னும்வரை சமர்த்தாக நின்று, மின்னியதும் வண்டியைக் கிளப்பினார்களாம். நடந்த சங்கதி என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. சிரித்துக்கொண்டு சொல்வதோடு சரி.

எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. பெரியம்மா “நான் வார மட்டும் இங்கனயே இரி” என்று, ‘வருகிறவரை’ என்ற பொருளில் சொல்வார்களே, அதை என் சென்னை அறைத்தோழியிடம் சொன்னேன். “மட்டும்னா ஒன்லிதானே?” என்கிறாள்.

கடையில் ‘லெமன் கர்ட்’ என்று ஒரு புட்டி பார்த்தேன். எலுமிச்சை பிழிந்த தயிர் போலிருக்கிறது என்று ஆசையாக வாங்கிவந்து, சுடுசோற்றில் போட்டுப் பிசைந்தேன். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறிய ஜாம் மாதிரிப் பண்டம் அது, ரொட்டியில் தடவுவது. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அதனால் பெரியம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு புட்டி அனுப்பிவையுங்கள். அது வருகிற ‘வைல்’ நான் தயிர்ச்சோறு பிசைவதாக இல்லை.

உங்கள் மகள்