முளைத்ததெல்லாம் விதைத்ததே

காரைக்கால் விவசாயிகளே, தாளடியை நேரடியாக விதைத்திருக்கிறீர்களா? வயலில் நிற்பதில் நீங்கள் விதைத்தது எது, குறுவையில் சிந்தித் தானாக முளைத்தது எது என்ற குழப்பமே வராமலிருக்க வழி சொல்கிறேன்.

1. குறுவையை நன்றாக முற்ற விடுங்கள். தொட்டால் கொட்டும் பதம் வந்தபின் அறுவடை இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு அடுத்த போகத்துக்கு விதையும் தெளித்துவிட்டுப் போவார்கள்.

2. சிந்திய நெல்லை முளைக்கவிட்டு, மடக்கி உழுது, பிறகு விதைப்பவர்கள் உண்டு. உங்களுக்கு ஏது நேரம்? காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கியதே 7 டி.எம்.சி.; கடைமடையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்போதே விதைத்துவிட வேண்டும். ஒரே சால் போதும். பழைய தாள் சேற்றுக்கு மேலே தலைநீட்டினால் மறுதாம்பு இலவசம்.

3. டிரம் சீடர் பக்கம் போகாதீர்கள். 20 செ.மீ. இடைவெளியில் வரிசை விழுந்தால், நடுவில் நிற்கும் அந்நியன் பளிச்சென்று தெரிவான். கையால் வீசுங்கள்.

4. வயலை பைக்கில் உட்கார்ந்தபடியே பாருங்கள். பச்சை தெரிந்தால் பயிர்.

5. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இலை தண்டைச் சேரும் இடத்தில் சவ்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும். குதிரைவாலியைப் பிரித்தறியும் சோதனை அது; இங்கே இரண்டுமே நெல் என்பதால் முழுத் திருப்தி கிடைக்கும். செடியைப் பிடுங்க மட்டும் வேண்டாம். அடியில் அறுத்த தாள் ஒட்டிக்கொண்டு வந்து குட்டு உடைந்துவிடும்.

6. குறுவையில் போட்ட ஆடுதுறை 43க்கு வயது 110 நாள், தாளடியில் போட்ட ஆடுதுறை 46க்கு 135. அதனால் தாளடி கதிர் விடும் முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதிர்கள் தலைகாட்டும். கலவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, "பாருங்க மாமா, நம்ம வயல்தான் முதல்ல" என்று காட்டுங்கள். அவை முந்திப் பழுத்து, நீங்கள் அறுக்க வருவதற்குள் சேற்றில் கொட்டிவிடும். இனி வருடா வருடம் விதைச் செலவில் கொஞ்சம் மிச்சம்.

7. மீதியை அறுத்து விதைக்கு எடுத்து வையுங்கள். சான்று விதைக்குக் கலவன் 0.20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். அதாவது ஆயிரம் செடியில் இரண்டு. யார் எண்ணுவது? செருமாவிலங்கை வேளாண் கல்லூரிக்குக் கொண்டுபோனால் எண்ணிவிடுவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். நெடுங்காட்டுச் சம்பந்திக்கு இரண்டு மூட்டை கொடுங்கள். அவர் வயலில் ஏணியும் கோணியுமாகக் கதிர் வந்து ஆள் அனுப்பினால், மண் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.