நேற்றைய அறிக்கை செல்லாது

தப்பு செய்கிறவர் அதிபர். மேடையேறி முழிக்கிறவர் அவருடைய செய்தித் தொடர்பாளர். வெள்ளை மாளிகையில் யார் குடியேறினாலும் இவர் மட்டும் அதே ஆள்தான். பெயரும் டையும் மாறும், அவ்வளவே. சீவிய தலை, சிரித்த முகம், கையில் ஒரு கோப்பு. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது.

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று: பொய் சொன்னேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். சொன்னது செல்லாமல் போய்விட்டது என்பார். இந்தக் கலைக்குப் பிதாமகர் அதிபர் நிக்சனின் செய்தித் தொடர்பாளர் ரான் ஸீக்லர். 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். ஏதோ மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று ஸீக்லர் உதறித் தள்ளினார். பத்து மாதம் அதையே சாதித்துவிட்டு, 1973 ஏப்ரல் 17 அன்று, முந்தைய அறிக்கைகள் இனி நடைமுறையில் இல்லை என்றார்.

இந்த ரகம் வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தும்?

“பால் வாங்கினீங்களா?”

“வாங்கப்பட்டதாகவே எனக்குத் தகவல்.”

“ஃபிரிட்ஜில் இல்லையே?”

“வாங்கும் எண்ணம் இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை.”

“அப்போ வாங்கலை?”

“விசாரணையில் இருக்கும் விஷயம். கருத்துச் சொல்வதற்கில்லை.”

“யார் விசாரிக்கிறது?”

“நீதான்.”

உள்ளே பிள்ளை வீரிட்டு அழுகிறது. அழுவதாக உறுதிசெய்யப்படாத செய்திகள் வந்திருப்பதாக இவர் ஒப்புக்கொள்கிறார்.

ஸீக்லர்மேல் கொஞ்சம் பரிவும் வருகிறது. படிக்கிற காலத்தில் டிஸ்னிலாந்தில் படகு ஓட்டி, பொம்மை விலங்குகளைக் காட்டிப் பயணிகளை மிரட்டிக்கொண்டிருந்தவர் அவர். அந்த அனுபவத்தோடு வந்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? 1973 மே 1 அன்று, வாட்டர்கேட் பற்றி எழுதிய வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டார். 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகிப் போனபோது கூடவே கிளம்பியும் போனார்.

என் ஆத்திரமெல்லாம் சொல்லச் சொன்னவர்மேல்தான். வாட்டர்கேட் விவகாரத்தில் அட்டர்னி ஜெனரலாக இருந்த மிட்செல் ஜெயிலுக்குப் போனார். நிக்சனின் உதவியாளர்களில் ஹால்ட்மன் போனார், எர்லிக்மன் போனார். நிக்சனுக்கோ, பதவியை விட்டு ஒரு மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 8 அன்று, அடுத்த அதிபர் ஃபோர்டு முழு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவராக ஒரு நாள்கூட அவர் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.