கேரியரும் தோசைக்கல்லும்

சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் சுமையைத் தொங்கவிட்டால் கனம் கீழே இறங்கி, ஓட்டம் நிதானப்படும். மயிலாப்பூர் மாடவீதிகளில் பால்காரர்கள் கேன் கட்டிச் சுற்றியது இந்த முறையில்தான். 1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளின் கேரியரில் அரிசி மூட்டை போனது. சமயத்தில் அதன்மேல் ஒரு பையனும். இன்று அதே வேலைக்கு நீர்புகாத ஜோடிப் பைகள் கொக்கியோடு கிடைக்கின்றன. அவை ஞாயிறு அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் வரை, சுமார் 50 கிலோமீட்டர், ஒரு துண்டையும் இரண்டு வாழைப்பழங்களையும் பத்திரமாகச் சுமந்து செல்கின்றன.

அங்கே எரித்த கலோரியை ஈடுகட்டுவது மாலையில் வீட்டில் செய்யும் பீட்சா. மாவு பொங்குவதில் மயிலாப்பூருக்குச் சிரமமில்லை. சென்னை வெக்கையில் ஈஸ்ட், புத்தகம் சொல்லும் நேரத்துக்கு முன்பே பாத்திரத்தை விட்டு வெளிநடப்புச் செய்துவிடும். சிக்கல் சூட்டில்தான். நேப்பிள்ஸ் விறகடுப்பு 430 டிகிரி செல்சியஸையும் தாண்டுவதால் பீட்சா 90 விநாடிக்குள் வெந்துவிடுகிறது. வீட்டு அவன் பெரும்பாலும் 250-இல் நின்றுவிடும். நேரம் நீள, ஈரம் வற்றி, பீட்சா அப்பளமாகும். இதற்குப் பரிகாரமாகப் பீட்சாக்கல் விற்கிறார்கள்: முன்கூட்டியே சூடேற்றி வைக்க வேண்டிய கனத்த தட்டு. நான்ஸ்டிக் வந்த அன்று பரணேறிய இரும்புத் தோசைக்கல்லும் அதைச் செய்யும். நன்றாகக் காயவிட்டு, மாவை இட்டு மூடினால் அடி முறுகும், சீஸ் உருகும். மேற்புறம் மட்டும் சிவக்காது. அமாவாசையன்று வெங்காயமும் பூண்டும் விலக்கு. மொசரெல்லா பற்றிச் சாஸ்திரம் வாய் திறக்கவில்லை.