பலாச்சுளையும் பம்பையாறும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

அறுக்காத பலாப்பழத்துக்குள் எத்தனை சுளை இருக்கும் என்பது தெரியாததால் மனித குலம் இதுவரை பெரிய நஷ்டம் எதையும் அடைந்துவிடவில்லை. ஆயினும் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாய்பாடு இருக்கிறது. வாய்பாடு இருக்கும்போது சரிபார்க்காமல் விடுவது ஆய்வறம் ஆகாது. தவிரவும், வைகாசியில் திருவாமாத்தூர் அத்தை வீட்டுக்குப் பண்ருட்டியிலிருந்து ஒரு பழம் வந்திருந்தது. இவ்விரு காரணங்களில் எது முந்தியது என்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

வாய்பாடு, காரி நாயனார் செய்த கணக்கதிகாரத்தில் இருக்கிறது. காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைக்கணக்கு வந்துவிடும். 100 முள் என்றால் 120 சுளை. ஏன் ஆறு, ஏன் ஐந்து என்பதற்கு விளக்கம் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கேட்ட பையனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

காரணம் சொல்லாத கணக்கை இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது. பக்கத்துப் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற வானியலாளருக்கு ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். அது 1825 மே 31 இரவு பிடித்த கிரகணம். கணக்கின் தத்துவம் அவருக்குத் துளியும் தெரியாது என்பது வாரனின் குறிப்பு. கிரகணம் பிடிக்கும் நேரத்தில் அவர் கணக்கு பிசகியது 4 நிமிடம். மத்திமத்தில் 23 நிமிடம். விடும் நேரத்தில் 52 நிமிடம். இரவு ஏற ஏற யாருக்கும் கணக்கு தள்ளாடத்தான் செய்யும்.

அதே ஊருக்கு, சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து கிளம்பிய லெ ஜான்டீல் கதை இன்னும் பரிதாபம். 1761இல் அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. ஆடுகிற கப்பலில் நின்று பார்த்த கடப்பு கணக்குக்கு உதவவில்லை. ஊர் திரும்பாமல் கீழை நாடுகளிலேயே எட்டு வருஷம் கிடந்து, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் தொலைநோக்கியோடு நின்றார். மேகம் மூடிக்கொண்டது. நாடு திரும்பினால் அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரியில் தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு, 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் நீளத்தை அந்த முறையில் போட்டுப் பார்த்தார். விடை 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் பேர்பெற்ற டோபியாஸ் மாயரின் பட்டியலோ 68 வினாடி கூடுதல் காட்டியது. எனவே, சோதனைக்கு முன்பே, காரி நாயனாருக்குப் பத்துச் சுளை வரை பிழை மன்னிக்கப்படும் என்று நானே தீர்மானித்தேன்.

தாவரவியல் தரப்பையும் கேட்டுவிடுவோம். பலாப்பழம் ஒரு பழமே அல்ல. ஒரு தண்டில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டுக் குடும்பம். வெளியே தெரியும் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாதது சுளைகளுக்கு நடுவே நாராகக் கிடந்து மாட்டுக்குப் போகிறது. ஆக, முள்ளுக்கும் சுளைக்கும் உறவு உண்டுதான். அது காம்பருகே மட்டும் ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் நெருங்குவானேன் என்பதற்குத் தாவரவியலிடமும் பதில் இல்லை. (பசுக்கள் தற்காப்புக்குக் கொம்பு வேண்டித் தவமிருந்து பெற்ற தலம் திருவாமாத்தூர் என்பது தலபுராணம். முள் வேண்டிப் பலாப்பழம் இங்கே தவமிருந்ததா என்று தேடினேன். ஆதாரம் கிட்டவில்லை.)

இனி சோதனை. எடுத்த எடுப்பிலேயே ஆய்வுலகம் இரண்டாகப் பிளந்தது. “காம்பருகே” என்றால் எதுவரை? காம்பை ஒட்டிய சின்ன முட்கள் மட்டுமே என்பது என் கட்சி. காம்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் எவ்வளவு மறைகிறதோ அவ்வளவும் என்பது மாமாவின் கட்சி. என் கட்சிப்படி 95 முள், 114 சுளை. மாமாவின் உள்ளங்கைப்படி 110 முள், 132 சுளை. யார் உள்ளங்கை என்று காரி நாயனார் சொல்லவில்லையே என்றேன். மாமா பேச்சை மாற்றினார்.

கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு அத்தை பழத்தைப் பிளந்தார். பிசின் ஒட்டாமலிருக்க எனக்கும் தடவிவிட்டதில் பென்சில் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. இது முதல் இடர்ப்பாடு. இரண்டாவது, பேரப்பிள்ளைகள் இருவர். நான் 63 என்று வாய்விட்டு எண்ணியபோது தாம்பாளத்தில் இருந்தது அதில் பாதிகூடத் தேறாது.

இங்கேதான் ஆய்வுமுறையில் ஒரு பெரும் பாய்ச்சல் நிகழ்ந்தது. சுளைக்கு ஒரு கொட்டை. தின்றவன் கொட்டையைத் தின்ன மாட்டான். ஆகவே கொட்டையை எண்ணினால் போதும். தின்று தீர்க்கும்வரை காத்திருந்து திண்ணை, தாழ்வாரம், துளசி மாடத்துக்குப் பின்புறம் எல்லாம் பொறுக்கியதில் 121 கிடைத்தது. இது 114க்கும் 132க்கும் நடுவில் விழுவதால் இரு கட்சிகளும் வெற்றியை அறிவித்தன. என் கட்சிக்குப் பிழை 7, மன்னிப்பு வரம்புக்குள். மாமாவுக்கு 11, வரம்புக்கு வெளியே. ஆனால் கொல்லைப்புறம் பறந்தவை, சின்னவன் விழுங்கியவை ஆகியவற்றைச் சேர்த்தால் 132 தானாக வந்துவிடும் என்று மாமா வாதிட்டார்.

சின்னவனை விசாரித்தோம். ஒன்றுகூட விழுங்கவில்லை என்றான். “அப்ப வட்டப்பாறையில வந்து சொல்றியாடா?” என்றார் மாமா. அபிராமேசுவரர் கோயில் வட்டப்பாறையில் நின்று பொய்ச்சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. கடன், வரப்பு, பாகப்பிரிவினை என்று எத்தனையோ வழக்கு அங்கே வந்து தீர்ந்திருக்கிறது. சின்னவன் யோசித்தான். பிறகு, “தாத்தாவும் எண்ணினது 110தான்னு அங்க வந்து சொல்லட்டும்” என்றான். ஆய்வு அன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் கொட்டைகளை மறுபடி எண்ணலாம் என்று அடுப்படிக்குப் போனேன். முருங்கைக்காயோடு சேர்ந்து மூலச்சான்றுகள் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தன.

“ஏன் அத்தை, கணக்கு முடியலியே!”

“ஏம்ப்பா, இரட்டைப்புலவருங்க இந்த ஊர் மேல கலம்பகம் பாடறப்ப, கோயிலு ஆத்துக்கு இந்தக் கரையில இருக்க, அந்தக் கரையில இருக்குதுன்னு தப்பாப் பாடிட்டாங்களாம். பாட்டையா திருத்துனாங்க? ராத்திரியோட ராத்திரியா வெள்ளம் வந்து பம்பையாறே எடம் மாறிப் போச்சாம். நீ 114ன்னே எழுதிக்க. மீதி ஏழு கொட்டை குழம்புல கரைஞ்சிடும்.”

இரண்டாம் கட்ட ஆய்வுக்கு விழுப்புரத்தில் ஒரு பழக்கடையை அணுகினேன். முழுப் பழத்தின் காம்பருகே குனிந்து 40 வரை எண்ணியிருப்பேன். கடைக்காரர் பழத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “தம்பி, சுளை எத்தனைன்னு தெரியணும்னா சுளையா வாங்கு. நான் எண்ணியே போடறேன்.”